நூற்று நான்கு சதவீதம்

அந்தத் தொழிற்சாலையில் இயக்குநரை யாரும் இயக்குநர் என்று சொல்வதில்லை. அவருடைய விசிட்டிங் கார்டில் பதவியின் பெயர் முன்பக்கம் தொடங்கிப் பின்பக்கம் முடிகிறது. 'செயல்திறன் மேம்பாடு மற்றும் எதிர்காலத் திட்டங்களுக்கான முதுநிலை முதன்மை' என்பது வரை முன்பக்கம். 'இயக்குநர்' என்ற சொல்லுக்கு இடம் போதாமல் அது மட்டும் பின்பக்கம். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பதால் ஆட்கள் அதிலிருந்து ஒரே ஒரு சொல்லைப் பிய்த்து எடுத்துக்கொண்டார்கள். "எதிர்காலம் வந்துடுச்சா?" "எதிர்காலம் இன்னிக்கு லீவு." "எதிர்காலத்துக்கு மூடு சரியில்ல, நாளைக்குப் போய்ப் பாரு."

அந்த எதிர்காலம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பெரிய திரைக்கு முன்னால் நின்று, வெளியிலிருந்து வந்திருந்த ஆறு விருந்தினர்களைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நூற்று நான்கு சதவீதம்" என்றார்.

அதாவது, தொட்டியில் மருந்து உப்பை நூறு கிலோ கரைத்தால், அது படிகமாகி வெளியே வரும்போது நூற்று நான்கு கிலோ இருக்கும். உலகம் தோன்றிய நாளிலிருந்து எந்தத் தொட்டியும் செய்யாத காரியம். விருந்தினர்கள் கை தட்டினார்கள். ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். ஓர் எண்ணைப் பற்றி யோசிப்பதைவிட அதற்குக் கை தட்டுவது எப்போதுமே சுலபம்தான்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெட்டிக்காரர் கை தட்டாமல் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நூற்று நான்கு அவருடைய கணினியிலிருந்து வந்தது.

பெட்டிக்காரர் என்பதும் பட்டப்பெயர்தான். தொட்டிக்குள் கோடானுகோடி படிகங்கள் இருக்கின்றன. புதிதாகப் பிறக்கின்றன, வளர்கின்றன, ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொள்கின்றன, கலக்கும் துடுப்பில் அடிபட்டு உடைகின்றன. இவற்றின் மக்கள்தொகையைக் கணக்கிடுவது அவர் வேலை. ஒவ்வொரு படிகத்தின் பின்னாலும் ஆள் போட முடியாது. அதற்கென்று இருக்கும் சமன்பாட்டைத் தாளில் பேனாவால் தீர்க்கவும் முடியாது. அதனால் அளவுவாரியாக அறுபது பெட்டிகள். பொடிசுகள் முதல் பெட்டியில், தடியன்கள் அறுபதாவதில். ஒவ்வொரு நொடியும் எந்தப் பெட்டியிலிருந்து எத்தனை பேர் அடுத்த பெட்டிக்குக் குடி போனார்கள் என்று கணினி கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். இருபது வருடமாக இதைச் செய்பவர் என்பதால், காண்டீனில் என்ன சாப்பாடு என்று கேட்டால்கூட மூன்று பெட்டியாகப் பிரித்துத்தான் பதில் சொல்லுவார் என்று ஒரு பேச்சு உண்டு.

"சார், ஒரு சந்தேகம்" என்று பக்கவாட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

தொட்டியக்கா. தொட்டிப் பிரிவின் பொறுப்பாளர். முப்பது வருடமாக அந்தத் தொட்டிகளோடு குடித்தனம் நடத்துகிறவர். விருந்தினர்களுக்கு 'களப் பணியாளர்' என்று காட்டுவதற்காக அவரையும் உட்கார வைத்திருந்தார்கள். பேசுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"அந்த நாலு கிலோ எங்கேர்ந்து சார் வந்துச்சு? நாங்க போடலையே."

எதிர்காலம் புன்னகைத்தார். இந்தப் புன்னகைக்கு அவர் பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கிறார். "இதத்தான் சினர்ஜின்னு சொல்றோம். நான் கொண்டுவந்த ஒரே சைஸ் விதைப் படிகம், நம்ம ஆளுங்களோட உழைப்பு, எல்லாம் சேரும்போது ரெண்டும் ரெண்டும் அஞ்சாகும்."

"அந்த அஞ்சாவது எங்க சார் இருக்கு? தொட்டியக் கழுவுறது எங்க ஆளுங்கதான். ஒருத்தரும் பாத்ததா சொல்லல."

விருந்தினர் ஒருவர் இருமினார். ஒருவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். எதிர்காலத்தின் புன்னகை இடத்தைவிட்டு நகரவில்லை, ஆனால் உள்ளே ஆள் காலி செய்துவிட்டுப் போய்விட்டது தெரிந்தது. "டெக்னிக்கல் விளக்கத்த நம்ம நிபுணர் குடுப்பார்" என்று பின்வரிசையைக் கை காட்டினார். "சாப்பாட்டுக்கப்புறம். சரியா ரெண்டு மணிக்கு."

வராந்தாவில் தொட்டியக்கா வந்து சேர்ந்துகொண்டார்.

"என்ன தம்பி, நாலு கிலோவ வீட்டுலேர்ந்து கொண்டாந்தீங்களா?"

"எங்கயோ தப்பு இருக்குக்கா."

"அது எனக்கும் தெரியுது. எங்கன்னுதான் கேக்குறேன்."

எங்கே என்று பெட்டிக்காரருக்குத் தெரியும். கணினி நிரலைத் திறக்காமலேயே தெரியும். ஆனாலும் அறைக்குப் போய், கதவைச் சாத்தி, நிரலைத் திறந்தார். மணி ஒன்று அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது.

அறையில் இரண்டு மேசைகள். ஒன்று அவருடையது. இன்னொன்றின் மேல் பிரிண்டர் காகிதக் கட்டுகளும், உடைந்த விசைப்பலகையும், யாரோ விட்டுப்போன ஹெல்மெட்டும் கிடந்தன. ஆறு வருடத்துக்கு முன் அது அவருடைய மனைவியின் மேசை.

அந்த நிரலை எழுதியது இருவரும் சேர்ந்துதான். சேர்ந்து என்றால் சண்டை போட்டு. படிகம் வளர ஆரம்பமாகத் தொட்டியில் தூவும் விதைப் படிகங்களைச் சல்லடையில் சலித்துப் போட்டால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும். வளரும்போது அவை பெட்டி பெட்டியாக ஒரு சுவர் மாதிரி நகர்ந்து போகும். அந்தச் சுவரைக் கணினியில் நகர்த்த இரண்டு வழி. ஒன்று, பயந்த வழி. ஒருபோதும் தப்பாகப் போகாது, ஆனால் சுவர் நாலு அடி நகர்வதற்குள் கரைந்து மணல்மேடாகிவிடும். இன்னொன்று கூர்மையான வழி. சுவர் சுவராகவே நிற்கும், ஆனால் அதன் காலடியில் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே சறுக்கும். இருபத்து மூன்றாவது பெட்டியில் மைனஸ் பதினாலாயிரம் படிகங்கள் இருப்பதாகச் சொல்லும். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, கீழே போகக் கூடாது என்பது அவர் கட்சி. கீழே போனால் போகட்டும், அதற்குக் கடிவாளம் போட்டுக்கொள்ளலாம், சுவரை மணலாக்காதே என்பது அவள் கட்சி. இந்த விவாதத்தில் இரண்டு வருடம் ஓடியது. நடுவில் எப்படியோ கல்யாணமும் செய்துகொண்டார்கள். கூர்மையான வழிதான் ஜெயித்தது.

கடிவாளம் போடுவதற்குள் அவளுக்கு வேறு ஊரில் பெரிய வேலை வந்தது. இப்படி ஒரு வேலை இரண்டு தடவை வராது என்று பெட்டி கட்டிக் கொடுத்து அனுப்பியவரே அவர்தான். "ஒரே வருஷம்" என்றாள். அந்த ஒரு வருடம் ஆறு தடவை புதுப்பிக்கப்பட்டது.

வருடத்துக்கு இரண்டு முறை சந்தித்துக்கொண்டார்கள். யாருக்கும் அதிக அலைச்சல் கூடாது என்று கணக்குப் போட்டு, இரண்டு ஊருக்கும் சரிபாதியில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மிக நியாயமான ஏற்பாடு. அதனாலேயே இருவருக்கும் ஆகாத ஊர். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்பதால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஞாயிறு மதியம் ஓட்டல் வாசலில் இரண்டு டாக்சி வரும். எதிரெதிர்ப் பக்கமாகப் போகும்.

மற்றபடி, தினம் சாப்பாட்டு வேளையில் போன்.

"சாப்டியா?"

"ஆச்சு."

"உடம்பு?"

"நல்லாருக்கு."

"தூக்கம்?"

"அதுக்கென்ன, வருது."

நேற்று, திங்கட்கிழமை, இந்த மூன்றும் முடிந்த பிறகு அவள் உடனே வைக்கவில்லை.

"இந்தத் தடவ மூணு வருஷமாக் குடுக்கறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம். என்ன சொல்ற?"

வேண்டாம், வந்துவிடு என்பது அவர் நெஞ்சிலிருந்து கிளம்பி, தொண்டைக்கு வந்து, நாக்கு நுனி வரை வந்தது. அங்கே நின்று யோசித்தது. நாம் சொல்லி அவள் வந்து, பிறகு வருத்தப்பட்டால்? அது வந்த வழியே இறங்கிப் போய்விட்டது.

"உன் இஷ்டம்மா. இங்க ஒண்ணும் பிரச்சினை இல்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல."

"சரி" என்றாள்.

அதற்குப் பிறகு இரவு முழுக்க அவர் மனசுக்குள் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னும் மூன்று நாள் இருக்கிறது, நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒரு நியாயமும் கண்டுபிடித்தார். இந்த மாதிரி நியாயங்கள் தயாரிப்பதில் அவருடைய விளைச்சல் உண்மையிலேயே நூற்று நான்கு சதவீதம்தான்.

இப்போது திரையில் நூற்று எழுபத்து இரண்டாவது வரி கண் சிமிட்டாமல் அவரைப் பார்த்தது. எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே போனால், அதைப் பூஜ்யமாக்கு. அவ்வளவுதான். அவர் போட்ட வரி. போனை எடுத்தார்.

"என்ன, இன்னிக்குச் சீக்கிரமா? சாப்டியா?" என்றாள் மனைவி.

"இல்ல. ஒரு சிக்கல். நம்ம நிரல் நூத்தி நாலு சதவீதம் காட்டுது."

"எதுல?"

"விளைச்சல்ல."

எதிர்முனையில் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவர் காதைப் போனோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். இந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று என்று பார்த்தார். எந்தப் பெட்டியிலும் கணக்கு இல்லை.

"கரைசல்ல எவ்வளவு மிச்சம்னு காட்டுது?"

"ஒம்பது கிலோ."

"அப்ப நாலு இல்லய்யா, பதிமூணு கிலோ ஆகாசத்துலேர்ந்து குதிச்சிருக்கு. படிகம் தொண்ணூத்தி ஒண்ணுதான் வரும். எங்க ஓட்டை? பூஜ்யத்துக்கு எல்லை கட்டற வரிகளப் படி."

"படிக்க வேணாம். எங்கன்னு தெரியும். நூத்தி எழுபத்தி ரெண்டு."

"அதக் காலியா விட்டுட்டுல்ல வந்தேன்? கடிவாளம் போடறதுக்கு."

"நான் ஒரு வரி போட்டேன். மைனஸ் வந்தா பூஜ்யமாக்கற மாதிரி."

"வெட்டிட்டியா?" ஆஸ்பத்திரியில் தப்பான கையை வெட்டிவிட்டது மாதிரிக் கேட்டாள். "யோவ், கீழ போனதத் தூக்கி எறிஞ்சா, மேல இருக்கறது மட்டும் அப்படியே நிக்கும். கூட்டிப் பாத்தா ஜாஸ்தியாத்தான இருக்கும்? ஒவ்வொரு நொடியும் ஒரு சிட்டிகை. பத்தாயிரம் நொடி. இது உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அப்ப விதையெல்லாம் பல சைஸ்ல கலந்து போட்டாங்க. சுவர் சாய்வா இருந்துச்சு, மைனஸ் துளியூண்டுதான் வரும். இப்பதான் எதிர்காலம் ஒரே சைஸ்ல போடச் சொல்லி, சுவர் செங்குத்தா ஆயிடுச்சு."

"எப்பப் போட்ட அந்த வரிய?"

"நீ போன மூணாவது வாரம். பழைய மேனேஜர் மைனஸப் பாத்துட்டுக் கத்தினாரு."

"ஆறு வருஷமா அப்படியேவா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ புது எடத்துல இருந்த. எதுக்கு உனக்கு வீண் வருத்தம்னு."

இந்தத் தடவை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வேற என்னெல்லாம் எதுக்குன்னு விட்ட?"

"ஒண்ணுமில்ல."

"இத நீ சொல்றியா, நூத்தி எழுபத்தி ரெண்டாவது வரி சொல்லுதா?"

பெட்டிக்காரர் எதிரிலிருந்த மேசையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று இருபது. வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். மீன் தொட்டியில் மீன் செய்கிற காரியம்.

"போன குளிருக்கு எனக்குச் சளின்னு சொன்னேன்ல."

"ஆமா."

"அது சளி இல்ல. நெஞ்சுல நீர். ஒம்பது நாள் ஆஸ்பத்திரில இருந்தேன்."

"தினம் என்கிட்டப் பேசினியே."

"நீ கூப்புடற நேரத்துக்கு நர்ஸக் கூப்ட்டு, மூக்குல இருக்கற குழாயக் கழட்டச் சொல்லிடுவேன். நாலு நிமிஷம் தாங்கும்னு அவங்க சொன்னாங்க. அதான் அந்த வாரம் பேச்சச் சுருக்கினேன்."

போனில் அவளுடைய அலுவலகத்தின் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம், பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம்.

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் என்ன, சின்னச் சின்னதுதான். கட்டில்ல படுக்கறதில்ல. சோபாலதான். கட்டில் ரொம்ப அகலம். சமையல் மேடைகிட்ட நின்னுக்கிட்டே சாப்புடறேன். வண்டில உன் சீட்ட நீ முன்னாடி தள்ளி வச்ச எடத்துலயே விட்டுருக்கேன். ஒருநாள் மழைல தொட்டியக்காவ ஏத்திக்கிட்டேன். முட்டி இடிக்குது தம்பி, கொஞ்சம் பின்னால தள்ளுங்கன்னாங்க. தள்ள மனசு வரல. நீங்க பின்சீட்டுல உக்காந்துக்கோங்கக்கான்னுட்டேன். தம்பி எனக்கு டிரைவர் ஆயிட்டாருன்னு மறுநாள் காண்டீன் பூராச் சொல்லிட்டாங்க."

அவள் சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா என்று தெரியவில்லை.

இதற்கு மேல் நிறுத்தினால் மறுபடியும் கிளம்பாது என்று அவருக்குத் தெரிந்தது. மாடியிலிருந்து குதிப்பவர் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"கையெழுத்துப் போடாத. எனக்கு முடியல. வந்துடு."

சொல்லிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதர் ஐந்து வார்த்தை பேசிவிட்டு, மலையேறி இறங்கியவர் போல் மூச்சு வாங்கினார்.

"காலைல போட்டுட்டேன்" என்றாள்.

"வெள்ளிக்கிழமைன்னு சொன்னியே?"

"நீ ஒண்ணும் பிரச்சினை இல்லன்னு சொன்ன. அப்புறம் வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தப் பேப்பர எதுக்கு மடியில வச்சுக்கிட்டு உக்காரணும்?"

"நேத்து நீ கேட்டப்பவே..."

"நேத்து மட்டுமா கேட்டேன்? ஒவ்வொரு வருஷமும் கேட்டேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, கஷ்டமா இருக்குன்னு சொல்லுவன்னு பாத்தேன். அந்தப் பாதி ஊர் ஓட்டல்ல ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உன் வாயவே பாத்துட்டு இருப்பேன். நீ டாக்சி நம்பரப் படிச்சுட்டு இருப்ப." அவள் நிறுத்தி மூச்சு விட்டாள். "நான் இல்லாம நீ நூத்தி நாலு சதவீதம் நல்லாருக்கன்னு நெனச்சேன்யா. அத வச்சுத்தான் நானும் இங்க நல்லாருக்கேன்னு சொல்லிக்கிட்டேன். யாரும் கேக்காத எடத்துக்கு எப்படித் திரும்பி வர்றது?"

பெட்டிக்காரர் மூன்று வருடம் என்பதைப் பெட்டியாகப் பிரித்துப் பார்த்தார். முப்பத்தாறு மாதம், ஆறு ஞாயிற்றுக்கிழமை மதியம், பன்னிரண்டு டாக்சி. எப்படிப் பிரித்தாலும் கூட்டினால் அவ்வளவேதான் வந்தது.

அப்போது ஆறு வருடமாக அவருக்குத் தோன்றாத ஒன்று தோன்றியது. அவ்வளவு எளிதான ஒன்று. இரண்டு ஊருக்கு நடுவே தூரத்தை மில்லிமீட்டர் வரை கணக்குப் போட்டவருக்கு, அந்தத் தூரத்தில் தானும் நகரலாம் என்பது விட்டுப்போயிருந்தது.

"அங்க" என்று தொடங்கினார். "அங்க என்ன மாதிரி ஆளுக்கு எதாவது வேலை..."

"நூத்தி எழுபத்தி ரெண்டாவது வரி போட்ட ஆளுக்கா? எங்க ஆளுங்க வெரட்டி அடிப்பாங்க."

"பெருக்கற வேலை இருந்தாக்கூடப் பரவால்ல."

"நீ பெருக்கினா குப்பை நூத்தி நாலு சதவீதம் ஆகும்." பிறகு, "கேட்டுப் பாக்கறேன். உறுதியாச் சொல்ல முடியாது. இங்கயும் ஆளக் கொறச்சுட்டுத்தான் இருக்காங்க" என்றாள்.

அது வாக்குறுதி இல்லை. ஆனாலும் அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கதவு திறந்தது. தட்டாமல் திறக்கும் உரிமை அந்தக் கட்டடத்தில் ஒருவருக்குத்தான் உண்டு. எதிர்காலம் உள்ளே வந்தார். டையைச் சரிசெய்து வந்திருந்தார்.

"ரெண்டு மணி. எல்லாரும் காத்திருக்காங்க. ஒரு வரில சொல்லுங்க போதும். நூத்தி நாலு எப்படி வந்துச்சு?"

"தப்பு சார். நான் போட்ட ஒரு வரி. நூத்துக்கு மேல எந்த ஊர்லயும் வராது. தொண்ணூத்தி ஒண்ணுதான்."

எதிர்காலத்தின் முகத்தில் பல பெட்டிகளுக்கு ஒரே நேரத்தில் ஆட்கள் குடி போனார்கள். "கை தட்டினாங்களேய்யா" என்றார். இவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருந்தது யாருக்கும் தெரியாது. "அவங்களுக்கு நான் என்னன்னு சொல்றது?"

"தொட்டியக்காவக் கூப்டு சொல்லச் சொல்லுங்க சார். அவங்களுக்குத்தான் முதல்ல தெரிஞ்சுது. நான் ஒரு போன்ல இருக்கேன்."

"இப்பவா?"

"ஆமா சார். முக்கியமானது."

இருபது வருடத்தில் பெட்டிக்காரர் யாரையும் காத்திருக்கச் சொன்னதில்லை. எதிர்காலத்துக்கும் அது தெரியும். என்ன செய்வது என்று புரியாமல் வெளியே போய், தானே கதவைச் சாத்தினார். போகிற போக்கில் மறுபடியும் டையைச் சரிசெய்துகொண்டார்.

"இருக்கியா?" என்றார் பெட்டிக்காரர் போனில்.

"இருக்கேன். எனக்கும் ஒரு மீட்டிங் இருந்துச்சு. வர முடியாதுன்னு எழுதிட்டேன்."

"மூணு வருஷம்" என்றார்.

"ஆமா. மூணு வருஷம்." அவள் எங்கோ ஜன்னலருகே போய் உட்கார்ந்திருக்க வேண்டும், சாலைச் சத்தம் கேட்டது. "அத அப்புறம் பாப்போம். நீ வெட்டினதெல்லாம் சொல்லு. மொதல்லேர்ந்து. ஒண்ணையும் பூஜ்யமாக்காம."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீ போன அன்னிக்கு, ஸ்டேஷன்ல உன்ன ஏத்திவிட்டுட்டு நேரா வீட்டுக்கு வந்துட்டேன்னு சொன்னேன்ல?"

"ஆமா."

"வரல."